இதயம் நிறையக் குருதி இருந்தும் இதயத்துக்கே அது போதாமற் போவது ஏன்?

கேள்வி:
மதிப்புக்குரிய டொக்டர் ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். 58 வயதான என் கணவருக்குச் சென்ற மாதம் மாரடைப்பு வந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். ‘எல்.ஏ.டி. 90 வீத அடைப்பு’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இதயத்துக்குக் குருதி போதாமற் போனதுதான் காரணம் என்று வார்டில் சொன்னார்கள். உடம்பிலுள்ள குருதி எல்லாம் இதயத்துக்குள் போய் வரும்போது அதற்கே எப்படிப் போதாமற் போகும்? மணிக்கட்டில் போட்ட குழாய் இதயத்துக்குப் போனது எப்படி? இன்னொன்று, இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துடிப்பைக் குறைக்கிற குளிசையையும் தந்திருக்கிறார்கள். அதை எடுத்தால் இதயம் இன்னும் சோர்ந்துவிடும் என்று பயந்து இரண்டு நாளாக அவர் அதை எடுக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது என்று முன்பே சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நினைத்து வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்தேன். அது என் பிழையா?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் ஒதுக்கி வைத்திருக்கும் குளிசை தொடரப்பட வேண்டியது. இன்றைக்கே அவருடைய கிளினிக்கைத் தொடர்புகொண்டு, எத்தனை வேளை விடுபட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி மீண்டும் தொடங்குங்கள். விடுபட்டவற்றையும் சேர்த்து ஒரேயடியாக இரண்டு மூன்று குளிசைகளை எடுக்கக் கூடாது. இந்த வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பு முன்னிலும் வேகமாக எழக்கூடும். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதமே ஆன ஒருவருக்கு அது ஆபத்தானது. ஏன் ஆபத்து என்பதற்கான விளக்கம் உங்கள் முதற் கேள்விக்கான விடைக்குள்ளேயே இருப்பதால், அந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது மிகவும் சரியான கேள்வி. இதை விளங்கிக்கொண்டவர்கள் மருந்தை இடையில் விடுவது அரிது.

இதயம் நெஞ்சின் இடப்பக்கத்தில் இருப்பதாகவே பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில், ஏறத்தாழ நடுவிலேயே அமைந்திருக்கிறது. அதன் கீழ்முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, ஐந்தாவது விலா எலும்புக்கும் ஆறாவதற்கும் இடையில் நெஞ்சுச் சுவரைத் தட்டுவதால், துடிப்பை நாம் அங்கே உணர்கிறோம். வளர்ந்த ஒருவரின் இதயம் அவருடைய மூடிய கைப்பிடி அளவும் ஏறத்தாழ 300 கிராம் எடையும் உடையது. உள்ளே, மேலிருந்து கீழாகச் செல்லும் தசைச்சுவர் ஒன்று அதை வலம் இடமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே குருதியை ஏற்கும் சோணையறையும், கீழே அதை வெளியே தள்ளும் இதயவறையும் உள்ளன. பிறந்த பிறகு, சுகமான இதயத்தில், வலப்பக்கக் குருதி அந்தச் சுவரைத் தாண்டி இடப்பக்கத்துக்கு வருவதில்லை.

உடம்பெங்கும் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதி, மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் என்ற இரண்டு பெரிய குழாய்கள் வழியாக வலது சோணையறைக்கு வருகிறது. அங்கிருந்து முக்கூர் வால்வைக் கடந்து வலது இதயவறைக்குள் இறங்கி, நுரையீரல் நாடி வழியாக நுரையீரல்களுக்குச் சென்று, காபனீரொட்சைட்டை விட்டு ஒட்சிசனை ஏற்றுக்கொண்டு இடது சோணையறைக்குத் திரும்புகிறது. பின்னர் இருகூர் வால்வைக் கடந்து இடது இதயவறைக்குள் இறங்குகிறது. அந்த அறை சுருங்கும்போது பெருநாடிக்குள் பாய்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்கிறது. நிமிடத்துக்கு 70 தடவை துடித்து, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றரை வெளியே தள்ளும் இதயம், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 5 லீற்றரை அனுப்பிவிடுகிறது. நம் உடம்பிலுள்ள மொத்தக் குருதியின் அளவும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டு இதயவறைகளும் ஒரே அளவு குருதியைத்தான் அனுப்புகின்றன. ஆனால் அவற்றின் உழைப்பு ஒன்றல்ல. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்பும் வலது இதயவறைக்கு 25 மில்லிமீற்றர் இரச அளவு அமுக்கம் போதும். முழு உடம்புக்கும் அனுப்பும் இடது இதயவறையோ 120 வரை அமுக்கத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதன் சுவர் வலப்பக்கத்துச் சுவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பானது. ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். உங்கள் கணவருக்குப் பாதிக்கப்பட்டது இந்தத் தடித்த சுவரின் ஒரு பகுதிதான்.

இனி உங்கள் கேள்வி. இடது இதயவறைக்குள் எந்நேரமும் ஒட்சிசன் நிறைந்த குருதி இருக்கும்போது, அதன் சுவருக்கு மட்டும் எப்படிப் பஞ்சம் வருகிறது? காரணம் தூரம். குருதியிலிருந்து உயிர்க்கலங்களுக்கு ஒட்சிசன் தானாக ஊடுருவிச் செல்லக்கூடிய தொலைவு ஒரு மில்லிமீற்றரில் மிகச் சிறிய பின்னமே. அறைக்குள் இருக்கும் குருதியால் சுவரின் உட்புறத்து மெல்லிய படை மட்டுமே நனைந்து பயன்பெறுகிறது. மிகுதித் தசைக்கு அந்தக் குருதி அருகில் இருந்தும் எட்டாது. தவளையின் இதயவறைச் சுவர் கடற்பஞ்சைப் போல இடைவெளிகள் உள்ளதாக இருப்பதால், அறைக்குள் வரும் குருதி இழைகளுக்கிடையே நேரடியாகவே புகுந்து தசைக்கு உணவூட்டிவிடுகிறது. மனித இதயத்தின் தசை நெருக்கமாகவும் தடிப்பாகவும் இருப்பதால் அந்த வழி நமக்கு இல்லை.

ஆகையால் இதயமும், மூளையையும் சிறுநீரகத்தையும் போலவே, தனக்கான குருதியைத் தனி நாடிகள் மூலமாகவே பெறுகிறது. பெருநாடி இதயத்திலிருந்து புறப்படும் இடத்தில், அதன் வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துவாரங்கள் உள்ளன. அங்கிருந்து வலது முடியுரு நாடியும் இடது முடியுரு நாடியும் தொடங்கி, இதயத்தின் வெளிப்புறத்தில் படர்ந்து, கிளைவிட்டு, தசைக்குள் இறங்குகின்றன. இடது நாடி சிறிது தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இதயத்தின் பின்புறமாகச் சுற்றிச் செல்கிறது. மற்றது முன்புறமாக நேரே கீழ்முனையை நோக்கி இறங்குகிறது, ரிப்போர்ட்டில் ‘எல்.ஏ.டி.’ என்ற மூன்று எழுத்துகளால் குறிக்கப்பட்ட இடது முன் இறங்கு நாடி இதுவே. இடது இதயவறையின் முன்சுவருக்கும், நடுச்சுவரின் பெரும் பகுதிக்கும் குருதி தருவது இந்த ஒரு நாடிதான். அதன் தொடக்கத்தில் உள்விட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றர் மட்டுமே. அத்தனை சிறிய குழாய்க்குள் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து வந்ததைத்தான் ‘அடைப்பு’ என்கிறோம்.

இந்த நாடிகளுக்கு உடம்பின் மற்ற நாடிகளுக்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. கைக்கும் காலுக்கும் குடலுக்கும் குருதி மிக வேகமாகப் பாய்வது இதயம் சுருங்கும்போது. ஆனால் அந்தக் கணத்தில் இடது இதயவறையின் சுவர் தன் உள்ளே இருக்கும் நுண்ணிய குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. துருவிய தேங்காய்ப்பூவைக் கைக்குள் இறுக்கிப் பிழியும்போது அதற்குள் தண்ணீர் புகாது. கையைத் தளர்த்தினால்தான் அது மீண்டும் ஊறும். இடது இதயவறையின் தசையும் அப்படியே தளர்ந்திருக்கும் வேளையில்தான் தனக்கான குருதியின் பெரும் பங்கைப் பெறுகிறது. பிரஷர் பார்க்கும்போது 120க்கு 80 என்று சொல்கிறார்களே, அதில் கீழே உள்ள 80 என்பது இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் நாடிகளில் எஞ்சியிருக்கும் அமுக்கம். முடியுரு நாடிகளுக்குள் குருதியைச் செலுத்துவது முக்கியமாக அந்த அமுக்கமே.

ஓய்வாக இருக்கும்போது முடியுரு நாடிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் குருதியைப் பெறுகின்றன. உடம்பின் எடையில் 200இல் ஒரு பங்குகூட வராத ஓர் உறுப்பு, இதயம் அனுப்பும் குருதியில் 20இல் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்றால் அதன் உழைப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உடம்பின் மற்றப் பாகங்கள், சராசரியாகப் பார்த்தால், தமக்கு வரும் குருதியிலுள்ள ஒட்சிசனில் கால்வாசியை மட்டும் எடுத்து மிகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. தேவை கூடும்போது அந்த மிகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். இதயத் தசையோ ஓய்விலேயே 70 வீதத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறது. அதனிடம் கையிருப்பு கிடையாது. வேலை கூடினால் குருதி ஓட்டம் கூடியே ஆக வேண்டும்; சுகமான நாடிகள் விரிந்து கொடுத்து அதை நான்கு ஐந்து மடங்கு வரை கூட்டிவிடுகின்றன.

நாடியின் விட்டத்தில் ஏறத்தாழ 70 வீதம் சுருங்கிப்போன ஒருவருக்கு, கதிரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. இருக்கிற வழியால் வரும் குருதி அந்த வேலைக்குப் போதும். மாடிப்படி ஏறும்போதும், சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடக்கும்போதும் தேவை மடங்காகக் கூடுகிறது, குறுகிய நாடியால் அதைக் கொடுக்க முடிவதில்லை, நெஞ்சு இறுகுகிறது. நின்று இளைப்பாறினால் தேவை குறைந்து இறுக்கமும் தளர்கிறது. உங்கள் கணவர் சில மாதங்களாகச் சொன்னது இதுவாகவே இருந்திருக்க வேண்டும். மாரடைப்பு வந்த நாளில் நடந்தது வேறு: படிந்திருந்த கொழுப்பின் மேல்மூடி வெடித்து, அந்த இடத்தில் குருதி உறைந்து, மீதமிருந்த வழியும் அநேகமாக மூடிப்போயிருக்கும். அது ஓய்வாக இருக்கும்போதும் நிகழலாம். அந்த நேரத்தில் குருதி கிடைக்காத தசை நிமிடத்துக்கு நிமிடம் இறக்கத் தொடங்குகிறது.

நீங்கள் வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்ததை உங்கள் பிழையாக எண்ணி வருந்த வேண்டாம். நெஞ்சின் நடுவில் எழும் இறுக்கத்தை வாயு என்று எண்ணுவது கொழும்பில் வீட்டுக்கு வீடு நடப்பது; நோயாளியே அப்படித்தான் நம்புகிறார். இதயத்திலிருந்தும் இரைப்பையிலிருந்தும் வரும் வேதனையை மூளை துல்லியமாக இடம் பிரித்து அறிவதில்லை என்பதால் இந்த மயக்கம் இயல்பானது. இனிமேல் முக்கியமாகப் பார்க்க வேண்டிய அடையாளம் இது: சாப்பாட்டைப் பொறுத்து வராமல், உழைப்பைப் பொறுத்து வந்து ஓய்வில் தணிகிற இறுக்கத்தை, அது நெஞ்சில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும் இடது கையில் இருந்தாலும், இதயத்தினுடையதாகவே கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இதை உங்களுக்காகவும் சொல்கிறேன். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சு வாங்குதலும் அசாதாரணமான களைப்பும் வியர்வையுமாக மாரடைப்பு வருவதுண்டு.

மணிக்கட்டு வழியாகப் போன குழாயைப் பற்றி இப்போது எளிதாகச் சொல்லலாம். உங்கள் கையையே பாருங்கள். பெருவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டில் விரலை வைத்தால் துடிப்பது ஆரைநாடி. புறங்கையில் பச்சையாகத் தெரிபவை, குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்கள். அவற்றில் துடிப்பு இல்லை. கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் புடைத்த ஒரு நாளத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி வழித்துவிடுங்கள். வழித்த துண்டு வெறுமையாகிவிடும். மேலே இருக்கும் குருதி திரும்பி இறங்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் சிறு வால்வுகள் அதைத் தடுக்கின்றன. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் கைப்பக்கத்திலிருந்து உடனே நிரம்பும். இத்தகைய சோதனைகளை முழங்கையில் செய்து காட்டித்தான், குருதி ஒரே திசையில் சுற்றி வருகிறது என்பதை ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட தம் நூலில் நிலைநாட்டினார்.

நாளத்துக்குள் ஒரு குழாயைச் செலுத்தினால் குருதியோடு சேர்ந்தே சென்று வலது சோணையறையை அடையும். 1929இல் வேர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மன் வைத்தியர், தம் முழங்கை நாளத்தின் வழியாகத் தாமே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அது இதயத்தின் வலப்பக்கத்தில் நிற்பதைப் படமெடுத்துக் காட்டினார். 1956இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆனால் முடியுரு நாடிகள் தொடங்குவது பெருநாடியில். அதனால் உங்கள் கணவருக்கு நாடியின் வழியாக, குருதி வரும் திசைக்கு எதிராகச் செல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய், ஆரைநாடியில் நுழைந்து, மேற்கை நாடி, தோளுக்குக் கீழான நாடி என்று ஏறி, பெருநாடியின் வளைவை அடைந்து, அங்கிருந்து கீழே இறங்கி, நான் முன்பு சொன்ன அந்தச் சிறு துவாரத்தின் வாயில் நின்றிருக்கும். நாடியின் உட்புறத்தில் தொடு உணர்ச்சி இல்லாததால் குழாய் நகர்ந்ததை அவர் உணர்ந்திருக்க மாட்டார். கைக்குக் குருதி தரும் நாடிகள் இரண்டு, அவை உள்ளங்கையில் ஒன்றோடொன்று இணைகின்றன. ஆகவே ஒன்றில் வேலை செய்யும்போது மற்றது கையைக் காக்கிறது. சுருங்கிய முடியுரு நாடியைப் பலூனால் விரிக்கும் முறையை அன்ட்ரேயாஸ் குருன்ற்சிக் என்ற வைத்தியர் 1977இல் சூரிச் நகரில் முதன்முதலாக விழித்திருந்த ஒரு நோயாளிக்குச் செய்தார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதிருக்க உள்ளே வைக்கப்படும் உலோக வலைதான் ஸ்டென்ட்.

துடிப்பைக் குறைக்கும் குளிசைக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.85 செக்கன். அதில் சுருங்குவதற்கு 0.3 செக்கன் போக, மீதி முழுவதும் தளர்வு. துடிப்பு 120 ஆகும்போது கிடைப்பது 0.5 செக்கன் மட்டுமே. அதில் தளர்வுக்கு எஞ்சுவது பாதிதான். அதாவது வேகமாகத் துடிக்கும் இதயம் கூடுதலாக உழைக்கிறது, ஆனால் தனக்கு உணவு கிடைக்கும் நேரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பீட்டா புளொக்கர் எனப்படும் அந்தக் குளிசை துடிப்பைத் தணித்து, தளர்வு நேரத்தை நீட்டி, தேவையைக் குறைத்து, வரவைக் கூட்டுகிறது. காயப்பட்ட தசை தேறுவதற்கும் அதுவே உதவி. பலவீனமான இதயத்தை இது சோர வைக்கும் என்ற உங்கள் கணவரின் பயம் இயல்பானதுதான். ஆனால் சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால், இதே மருந்து பலவீனமான இதயத்தின் ஆயுளைக் கூட்டுகிறது. குளிசையை எடுத்த பின் தலைசுற்றினால், மயக்கம் வந்தால், வீஸிங் தொடங்கினால், அல்லது ஓய்வில் நாடித்துடிப்பு 50க்கும் கீழே நின்றால் கிளினிக்குக்கு அறிவியுங்கள். அளவை மாற்றுவது அவர்கள் வேலை.

வீட்டில் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையோ ஸ்பிறேயோ தந்திருப்பார்கள். நெஞ்சு இறுகினால் முதலில் அவரைக் கதிரையில் இருத்திவிட்டே அதைக் கொடுக்க வேண்டும், ஏனெனில் பிரஷர் சட்டென்று குறைந்து விழுந்துவிடக்கூடும். ஆண்மைக் குறைபாட்டுக்கு எடுக்கும் சில்டெனாஃபில் வகை மருந்துகளோடு அது ஒருபோதும் சேரக்கூடாது. வெட்கத்தால் வைத்தியரிடம் மறைக்கக் கூடாத விடயம் இது. ஐந்து நிமிடத்தில் இறுக்கம் தணியாவிட்டால், முச்சக்கர வண்டி தேடி ஓடாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமானது. வழியிலேயே கவனிக்கத் தெரிந்தவர்கள் அதில் வருவார்கள்.

கிளினிக்கில் அனுமதித்த பிறகு மெரின் டிரைவ் பக்கமாகக் காலையில் நடக்கட்டும். நடந்துகொண்டே உங்களோடு பேச முடிகிற வேகம் போதும். பேச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். புகைப்பவர் என்றால் அதை அடியோடு விட வேண்டும். அதில் குறைத்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. அஸ்பிரினோடு, குளோபிடோக்ரெல் அல்லது அதை ஒத்த இன்னொரு குளிசையும் அவருக்குத் தந்திருப்பார்கள். நாடியின் உட்படை அந்த உலோக வலையின் மேல் வளர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்காகும். அதுவரை வலையில் குருதி உறையாமல் காப்பவை இவையே. மாரடைப்புக்குப் பின் பெரும்பாலும் 12 மாதங்களுக்கு இரண்டையும், அதன் பிறகு ஒன்றையும் தொடரச் சொல்வார்கள். பல் பிடுங்க வேண்டி வந்தால், ஸ்டென்ட் வைத்த திகதி எழுதிய கிளினிக் கொப்பியைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இதயநோய்ப் பிரிவைக் கேட்காமல் இந்தக் குளிசைகளில் ஒரு வேளையைக்கூட யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.